டீ குடித்தால் எழுத வேண்டும்

லேபர் கன்சல்டன்ட் ஆபீஸ் வேலை என்பது, முதலாளியிடம் ஒரு திட்டு, தொழிலாளியிடம் ஒரு திட்டு என்று வாங்கிக்கொண்டு, இரண்டு பேருக்கும் உட்கார நாற்காலி எடுத்துப் போடுகிற வேலை.

பன்னிரண்டு வருஷம் அந்த நாற்காலிகளை எடுத்துப் போட்டவள் நான். ஆபீஸ் கடலூர் முதுநகரில், ஒரு அரிசிக் கடையின் மாடியில். ஆபீஸுக்குச் சொந்தக்காரர் கலியமூர்த்தி. பகலில் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலைகளை முடித்துக் கொடுப்பார். சாயங்காலம் தோளில் கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டு, ஏதாவது ஒரு கம்பெனி வாசலில் மைக் பிடிப்பார். ஊரே அவரைத் தோழர் என்று கூப்பிட்டது. எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை, கடைசி வரைக்கும் சார்தான். அவர் காலமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஏதாவது ஒரு ஆபீஸ் பெஞ்சில் மனுவை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களா நீங்கள்? அப்படியானால் உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கவலைப்பட ஆள்

நான் படித்தது எட்டாவது. வேலை கேட்டு அங்கே போகவில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் லோடு ஏற்றும்போது என் வீட்டுக்காரர் காலில் டிரம் விழுந்துவிட்டது. இ.எஸ்.ஐ. லீவுக்கு என்ன எழுத வேண்டும் என்று கேட்கச் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்தேன். சார் இல்லை, ஆபீஸ் திறந்து கிடந்தது. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உட்கார்ந்திருந்தேன் என்று சொல்வது பொய். பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்காரர்களின் காகிதம் ஜன்னல் திட்டில் கிடந்தது, வெளியே மேகம் கட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு ஃபைல் மேல் டீ கிளாஸ். மேலே ஃபேன் சுற்றச் சுற்ற ஒவ்வொரு தாளாக எழுந்து பறந்தது. யாருடைய வயிற்றுப்பாடோ இப்படிப் பறக்கிறதே என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஊர் வாரியாகப் பிரித்து, மூலையில் கிடந்த நூல்கண்டை எடுத்துக் கட்டி, அலமாரியில் ஏற்றினேன். சார் வந்ததும் பெண்ணாடம் காகிதத்தைத் தேடினார். அவர் இரண்டாவது தடவை குனிவதற்குள் எடுத்துக் கொடுத்தேன். யார் இதையெல்லாம் தொடச் சொன்னது என்று கேட்டார். பயமாக இருந்தது சார், மழையில் நனைந்துவிடும், எலி கடித்துவிடும், பறந்து தெருவுக்குப் போய்விடும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இந்த ஆபீஸ்ல போராட ஆளு நெறைய இருக்கு, கவலப்பட ஒரு ஆளு இல்ல. நாளைலேருந்து வந்து கவலப்படும்மா."

ஒரு டீ, ஒரு கையெழுத்து

அந்த ஆபீஸில் ஒரு சட்டம் இருந்தது. யார் வந்தாலும் டீ உண்டு. ஆனால் டீ குடித்தவர்கள் நோட்டில் எழுத வேண்டும். தேதி, பெயர், எங்கே வேலை, எதற்காக வந்தீர்கள், கையெழுத்து. தபால்காரர் எழுதுவார், கட்சிக்காரர்கள் எழுதுவார்கள், கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவரும் எழுதுவார். வந்த காரணம் என்ற இடத்தில் பாதிப் பேர் 'சும்மா' என்று எழுதினார்கள். இந்தக் கூத்து எதற்கு என்று ஒருநாள் சாரிடம் கேட்டுவிட்டேன். கட்சியில் சேர்ந்த புதிதில் அவர் நடத்திய கூட்டத்துக்கு அறுபது பேர் வந்தார்களாம், போலீஸ் பதினைந்து பேர் என்று எழுதிக்கொண்டு போனதாம். அன்றையிலிருந்து வந்தவர்களிடம் எழுதி வாங்குவது பழக்கமாகிவிட்டது என்றார்.

பிளாஸ்கிலிருந்து ஊற்றுவது, நோட்டை நீட்டுவது, நோட்டு தீர்ந்தால் புதிது போடுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. எனக்கு டீ ஆகாது, இரண்டு வாய் குடித்தால் நெஞ்சு எரியும். அடுத்தவர் குடிக்கிற டீக்கு நான் மல்லுக்கட்டினேன். ஒருநாள் நல்ல மழை. சோப்புப் பவுடர் பாக்கெட் போடுகிற கம்பெனியின் பெண்கள் ஷிப்ட் முடிந்து வந்து, தங்களுக்கு ஏன் இ.எஸ்.ஐ. கார்டு வரவில்லை என்று சாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே அவர்களுடைய சூப்பர்வைசர் நனைந்துகொண்டு படி ஏறி வந்தார். அவசர லோடாம், எல்லோரும் திரும்ப வர வேண்டுமாம், கீழே வேன் நிற்கிறதாம். அவருக்கும் டீ கொடுத்தேன், நோட்டை நீட்டினேன். பெயரை எழுதிவிட்டுக் காரணத்தைக் காலியாக விட்டார். காலியாக விட்டால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. நான் நோட்டை அவர் முன்னாலிருந்து எடுக்கவில்லை. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவை மேஜையில் போட்டார்.

"அர டம்ளர் டீய குடுத்துட்டு ஆதார் கார்டு தவிர எல்லாம் கேக்கறீங்களேம்மா."

உறை மாறிப் போனது

இது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மங்கலம்பேட்டைப் பக்கம் ஒரு அரிசி ஆலை முதலாளி எங்களிடம்தான் பி.எஃப். வேலை கொடுத்திருந்தார். அவருடைய ஆலைப் பெண்களே ஒருநாள் வந்து, கக்கூஸுக்குக் கதவு இல்லை, சாக்குதான் தொங்குகிறது என்று அழுதார்கள். சாருக்கு இதில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலாளி மேல் மனு எழுதினால் அந்த முதலாளியின் வேலையை விட்டுவிடுவார். அப்படியே முதலாளிக்கு ஒரு கடிதத்தோடு அவருடைய காகிதங்களைத் திருப்பி அனுப்பவும், பெண்களிடம் கையெழுத்து வாங்க ஏழு பக்க மனுவை அனுப்பவும் இரண்டு உறை தயார் செய்தார். ஒட்டி அனுப்பியது நான். பத்துத் தடவை சரிபார்த்தேன். பத்துத் தடவை பார்த்ததால்தானோ என்னவோ மாற்றி ஒட்டிவிட்டேன்.

இரண்டாம் நாள் முதலாளி புல்லட்டில் வந்து இறங்கினார். கையில் ஏழு பக்கம். நான் அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். சார் பதறவே இல்லை. படித்தீர்களா என்று கேட்டார். படித்தேன் என்றார் அவர். நாற்காலி போட்டேன், டீ கொடுத்தேன், நோட்டையும் நீட்டினேன். அவர் வந்த காரணம் என்ற இடத்தில் 'கக்கூஸ் கதவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு கதவுக்கு எதுக்கு சார் ஏழு பக்கம்? ஆசாரிய விட்டு அளவு எடுத்துட்டுத்தான் வந்துருக்கேன். நம்ம பி.எஃப். காயிதத்த மட்டும் அந்தப் பொம்பளைங்ககிட்டேருந்து வாங்கிக் குடுத்துடுங்க."

ஜன்னல் ஓரம்

சாருக்கும் சிதம்பரம்தான். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். சிப்காட் நெருங்கும்போது பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலை இறக்குவார்கள், முந்தானையை மூக்கில் வைப்பார்கள். சார் மட்டும் ஜன்னலை ஏற்றிவிட்டுத் தலையை வெளியே நீட்டுவார். எந்தக் கம்பெனி ஓடுகிறது, எது நிற்கிறது என்று வாசனையை வைத்தே சொல்வார். ஒருநாள் மூக்கை உறிஞ்சிவிட்டு, சோப்புப் பவுடர் கம்பெனியில் இன்றைக்கு மெஷின் நிற்கிறது, ஏதோ தகராறு என்றார். ஆபீஸ் போய்ச் சேர்ந்தால் அந்தக் கம்பெனி ஆள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். எனக்குப் புல்லரித்துவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு இருமல்தான் வந்தது. அன்றைக்குக் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னது இது.

"தோழரே, இன்ஸ்பெக்‌ஷன் பண்றதா இருந்தா எறங்கி நடந்து போயிப் பண்ணுங்க. நாங்க இன்னா பாவம் பண்ணோம்?"

பதினோரு பேர்

அதே சோப்புப் பவுடர் கம்பெனி. அதே பெண்கள். முதலில் இ.எஸ்.ஐ. கார்டு கேட்டு வந்ததற்கு மூன்று வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில் பதினோரு பேரும் படி ஏறி வந்தார்கள். கேட்டில் நிறுத்திவிட்டார்களாம். இ.எஸ்.ஐ. கேட்டுக் கேட்டுத் தொந்தரவு செய்தார்கள் என்பதுதான் குற்றம். அவர்களை வேலைக்குக் கொண்டுவந்து விட்ட மேஸ்திரியின் போன் அணைந்து கிடந்தது. சம்பளச் சீட்டு இல்லை, அடையாள அட்டை இல்லை. ஒன்பது வருஷம் பாக்கெட் போட்டதற்கு அஞ்சலையின் விரல் நுனியில் தோல் உரிந்திருந்தது, அது ஒன்றுதான் சாட்சி. அஞ்சலைதான் அவர்களில் பேசக்கூடியவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் நர்சிங் படிக்கிறாள்.

சார் அன்றைக்கே மனு எழுதினார். தொழிலாளர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தைக்குத் தேதி கிடைத்தது. அந்தத் தேதிக்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு கேட் கூட்டத்தில் பேசி முடித்து மைக்கைக் கொடுத்துவிட்டு, நெஞ்சு வலிக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. சிதம்பரத்தில் எடுத்தோம். கட்சிக் கொடி, கம்பெனி ஆட்கள், இரண்டு மூன்று முதலாளிகள்கூட வந்திருந்தார்கள். நான் அழுததைவிட அதிகமாக அந்தத் தேதியை நினைத்து நடுங்கினேன். சங்கத்திலிருந்து ஒருவர் வருகிறேன் என்றார். அன்று காலையில் போன் செய்து, விருத்தாசலத்தில் வேறு கேஸ் என்று சொல்லிவிட்டார். அஞ்சலையும் நானும்தான் போனோம். கம்பெனியின் மனித வள அதிகாரி டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் பதினோரு பெயர் இருந்த தாளை ஒரு தடவை பார்த்துவிட்டு, திருப்பி மேஜையில் வைத்தார்.

"இவங்கள எங்க கம்பெனி பாத்ததே இல்ல சார். ரோட்டுல போறவங்க யார் வேணா பேரு எழுதிக் குடுக்கலாம்."

பாய் கடை

தொழிலாளர் அதிகாரி நல்லவர். ஏதாவது ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று பத்து நாள் தவணை கொடுத்தார். திரும்பும்போது பஸ் சிப்காட்டைத் தாண்டியது, எல்லோரும் ஜன்னலை இறக்கினார்கள். சார் உட்காருகிற இடத்தில் யாரோ உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சோப்புப் பவுடர் வாசனை மூக்கில் ஏறியதுதான் தெரியும், மழையும் சூப்பர்வைசரும் டீ நோட்டும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. பஸ்ஸில் எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த நிமிஷமே திரும்ப உட்கார்ந்தேன். ஏனென்றால் அந்த நோட்டுகள் ஆபீஸில் இல்லை. சாரின் மகள் இடத்தைக் காலி செய்யச் சொன்னதும், கரையான் பிடித்துவிடும் என்று பயந்து, பழைய டீ நோட்டு மூட்டையைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டது யார்? நான்தான். கேஸ் கட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துவிட்டு, டீ நோட்டுதானே என்று போட்டுவிட்டேன்.

இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்ப முதுநகருக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன், இந்த வயதில், இந்த முட்டியோடு. பழைய பேப்பர் கடை பாய் வாசலில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தார். உள்ளே பழைய புத்தகமெல்லாம் பொட்டலத் தாளாகக் கிழித்து அடுக்கியிருந்தது. நோட்டு, நோட்டு என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் படித்துக்கொண்டிருந்ததைத் தூக்கிக் காட்டினார். அது எங்கள் நோட்டு. காலடியில் மூட்டை அப்படியே இருந்தது.

"எல்லாத்தையும் கிழிச்சிருப்பேன் யக்கா. தோழர் ஆபீஸ்ல நானும் ஜாஸ்தி டீ குடிச்சிருக்கேன், எம்பேரு எங்க வருதுன்னு தேடிக்கிட்டிருக்கேன், இன்னும் கெடைக்கல."

அன்றைக்கு மழை

போன் போட்டதும் அஞ்சலையும் வந்துவிட்டாள். பாயும் நானும் அவளும் சாக்கை விரித்து உட்கார்ந்து தேடினோம். பக்கத்துக்குப் பக்கம் ஊர் உலகமே வந்து போனது. 'சும்மா', 'சும்மா', 'மாமாவுக்குத் துணைக்கு வந்தேன்', 'கக்கூஸ் கதவு'. பாய்க்குத் தன் பெயர் நாலு இடத்தில் கிடைத்தது, ஒவ்வொரு தடவையும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஏழாவது நோட்டில் அந்தப் பக்கத்தை அஞ்சலைதான் கண்டுபிடித்தாள். பதினோரு பெயர், பதினோரு கையெழுத்து, எல்லாவற்றுக்கும் எதிரே அந்தக் கம்பெனியின் பெயர். அவர்களுக்குக் கீழே, சாய்ந்த எழுத்தில் சூப்பர்வைசரின் இரண்டு வரி: 'எங்கள் பாக்கிங் செக்‌ஷன் லேடீஸ் 11 பேரைத் திரும்ப அழைத்துப் போக வந்தேன். அவசர லோடு.' அஞ்சலை அதை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தாள். நான் நோட்டை அவளிடமிருந்து வாங்கிப் பாலிதீன் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, தவணை நாள் வரைக்கும் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன்.

இரண்டாவது தடவை கம்பெனி அதிகாரி தனியாக வரவில்லை. கூடவே ஒரு உதவியாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பார்த்தால் அதே சூப்பர்வைசர், பதவி உயர்ந்து முழுக்கைச் சட்டையில் நிற்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அஞ்சலை என் கையைப் பிடித்து நசுக்கினாள். தொழிலாளர் அதிகாரி நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். தபால்காரர், கரண்டுக்காரர், போலீஸ்காரர் ஒருவர், அரிசி ஆலை முதலாளி, எல்லோருடைய கையெழுத்தும் தேதி வரிசையில் இருந்தன. இது உட்கார்ந்து சேர்த்து எழுதியது இல்லை என்று எட்டாவது படித்த எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா. நோட்டைத் திருப்பி சூப்பர்வைசர் முன்னால் வைத்து, இது யார் கையெழுத்து என்று கேட்டார். டை கட்டியவர், பார்க்காதே என்பதுபோல இருமினார். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். அவர் நிமிர்ந்து என்னைக் கைகாட்டினார்.

"அன்னிக்கி நல்ல மழ சார். நான் காரணம் எழுத மாட்டேன்னுதான் சொன்னேன், இந்தம்மாதான் எழுதற வரைக்கும் வுடல."

வேலைக்குப் போய்விட்டு

அப்புறம் இன்னும் ஒரு தடவை உட்கார்ந்தார்கள். பார்த்ததே இல்லை என்ற பேச்சு மறுபடி எழவில்லை. பதினோரு பேரையும் திரும்ப எடுத்துக்கொள்வது, இ.எஸ்.ஐ. கார்டு போடுவது என்று கையெழுத்தானது. இடம் காலியாவதற்குள் எங்கள் ஆபீஸைக் கட்சி வக்கீலம்மா ஒருத்தர் எடுத்துக்கொண்டார், இப்போது அவர்தான் நடத்துகிறார். அதே மாடி, அதே அலமாரி, அதே நான். டீ நோட்டை நிறுத்திவிடலாமா என்று அவர் கேட்டபோது நான் பார்த்த பார்வையில் பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினார்.

அஞ்சலை முதல் நாள் ஷிப்ட் முடித்து நேராகப் படி ஏறி வந்தாள். தலையெல்லாம் சோப்புப் பவுடர், தும்மிக்கொண்டே சிரித்தாள். வழியில் பழைய பேப்பர் கடையில் இருந்து பாயையும் கூப்பிட்டுக்கொண்டு வந்திருந்தாள். டீ ஊற்றினேன், நோட்டை நீட்டினேன். வந்த காரணம் என்ற இடத்தில் நிதானமாக, எழுத்துக் கூட்டி, 'வேலைக்குப் போயிட்டு வந்தேன்' என்று எழுதினாள். எழுதி முடித்துவிட்டுச் சும்மா இருக்காமல் பழைய பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தாள். முதல் பக்கம் வரைக்கும் போய்விட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் யக்கா, ஊரு பேரெல்லாம் இருக்குது, ஒம்பேரு எந்தப் பக்கத்துல இருக்குது?"

ஊரில் மற்றவர்கள் வேலை பார்த்ததற்கெல்லாம் சாட்சி வைத்திருந்த அந்த ஆபீஸில், பன்னிரண்டு வருஷம் நான் வேலை பார்த்ததற்கு ஒரு கையெழுத்துகூட இல்லை, ஏனென்றால் எனக்கு டீ ஆகாது.